ஜெனிவா மீற்றிங்கோட ஒரு ஸ்கீ: எந்தப் பக்கம் போறது?

மாசிக் கடைசியில ஜெனிவாவில மீற்றிங், செவ்வாயில இருந்து வெள்ளி மட்டும், பிறகு சனி ஞாயிறு சும்மா கிடக்கு, அந்த ரெண்டு நாளுக்குள்ள ஸ்கீ (காலில நீளத் தட்டுக் கட்டிப் பனியில சறுக்கிறது) பழக ஏலுமோ அண்ணை எண்டு எங்கட ஒபிஸில வேலை செய்யிற பிள்ளை ஒண்டு கேட்டது. ஒட்டுசுட்டான் பிள்ளை, மிதிவெடி எடுக்கிற ரீமுக்கு லீடர், பனியெண்டா ப்ரிட்ஜுக்குள்ள கட்டியிருக்கிறதைத் தவிர வேற கண்டதில்ல. லேசான கேள்வி மாதிரித்தான் கிடந்தது, மறுமொழி சொல்ல வெளிக்கிட்டாத்தான் விசா, காப்புறுதி, ரெயின், சித்தி வீடு எண்டு நீண்டுகொண்டே போகுது. பெப்ரவரி மார்ச்சில வன்னியில இருந்து ஜெனிவா போற ஆக்கள் கொஞ்சநஞ்சமில்ல, மிதிவெடிக்காரர் ஒரு பக்கம், மனித உரிமைப் பேரவைக்குப் போறவை இன்னொரு பக்கம், அதால அவவுக்குச் சொன்னதை எல்லாருக்குமா எழுதி வைக்கிறன்.

என்ர பக்கத்தை முதலே சொல்லிவிடுறன். முதல்தரம் போற ஆள் மலையின்ர பேரைப் பார்த்து இடம் பிடிக்கக்கூடாது, ரெயினால இறங்கின கையோட பழகிற சரிவு இருக்கிற ஊரைத்தான் பார்க்க வேணும். ரெண்டு நாள்தான் கிடக்கு, அதில அரை நாளை பஸ்ஸிலயும் அரை நாளை வாடகைச் சப்பாத்துக் கடை லைனிலயும் விட்டா மிஞ்சிறது படம் எடுக்கத்தான் காணும்.

எந்த மலை எண்டதுக்கு முன்னம் மீற்றிங்குக்கு முதலோ பிறகோ எண்டதை முடிக்க வேணும். முதல் சனி ஞாயிறே போய்ச் சறுக்கிட்டு, செவ்வாய்க்கிழமை சுகமா மீற்றிங்குக்குப் போகலாம், நேர வித்தியாசமும் அதுக்குள்ள பழகிடும் (குளிர்காலத்தில எங்களுக்கும் சுவிஸுக்கும் நாலரை மணித்தியாலம்) எண்டு சிலபேர் சொல்லுவினம். நான் மாட்டன் எண்டுதான் சொல்லுவன். ஸ்கீயில வழமையா அடிபடுறது முழங்கால், உள்ளுக்க இருக்கிற சவ்வு கிழிஞ்சா மாசக்கணக்கில இழுபடும். மிதிவெடி எடுக்கிற ஆக்கள் முழங்காலில இருந்துதான் வேலை செய்யிறது, பிள்ளைக்கு அது வெறும் கால் இல்ல, சம்பளம். அதோட ஒபிஸ் காசில போன மீற்றிங்கில கால்கட்டோட போய் இருந்தா ஆர் என்ன கேட்பினம் எண்டு சொல்லத் தேவையில்ல. பிறகு போனா அடிபட்டாலும் மீற்றிங் முடிஞ்சிருக்கும், கட்டுநாயக்காவில இறங்கி ஏ9 றோட்டில கிளிநொச்சி மட்டும் பஸ்ஸில காலை நீட்ட இடமில்லாம வாற பாடு ஒண்டுதான் மிச்சம், அதுவும் சின்னப் பாடில்ல.

ஆனா பிறகு நிக்கிறதெண்டா அந்த நாளெல்லாம் விசாவுக்குள்ள வரவேணும். கொழும்பில விசாவுக்குக் குடுக்கேக்க ஒபிஸ் கடிதம், ரிக்கெற், ஹொட்டேல் எல்லாத்திலயும் ஒரே திகதிக் கணக்கு இருந்தாத்தான் நல்லது, வேலை நாளுக்கு மட்டும் கடிதம் எடுத்துட்டு ரெண்டு நாள் கூட நிக்கலாம் எண்டு யோசிக்கிறது தலையிடி. தனிப்பட்ட ரெண்டு நாள் சொந்தச் செலவில நிக்கிறா எண்டு கடிதத்திலயே ஒரு வரி போடச் சொல்லுங்கோ. அந்த நாளுக்கு ஒபிஸ் படிக்காசு வராது, அது தெரிஞ்சதுதான். காப்புறுதிதான் ஆக்கள் கவனிக்காதது. ஷெங்கன் விசாவுக்கு (சுவிஸ், பிரான்ஸ் எண்டு கனக்க ஐரோப்பிய நாட்டுக்கும் ஒண்டா செல்லுற விசா) ஆகக் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம், எல்லாரும் எடுப்பினம், ஆனா கனக்க பொலிசியில குளிர்கால விளையாட்டு சேர்த்தியில்ல எண்டு சின்ன எழுத்தில கிடக்கும். ஒபிஸ் எடுத்துத் தாற காப்புறுதி வேலை நாளோட முடிஞ்சும் போகலாம். மலையில மோசமா அடிபட்டா ஹெலி வந்து ஏத்த வேண்டி வரும், சுவிஸில அது இலவசம் இல்ல. கொஞ்சக் காசு கூடக் கட்டி ஸ்கீயும் மீட்பும் சேர்ந்த பொலிசியா எடுங்கோ, இதில மிச்சம் பிடிக்கப் பார்க்காதேங்கோ.

இனி இடம். ஜெனிவா கடல்மட்டத்தில இருந்து 375 மீற்றர்தான், பெப்ரவரியில குளிர் இருக்கும், மழையும் இருக்கும், பனி சிலவேளை இருக்கும் சிலவேளை இராது. பனிக்கு மேல ஏற வேணும். எவ்வளவு மேல எண்டு கேட்டா எங்கட ஆக்களுக்கு நம்பக் கஷ்டமா இருக்கும், நுவரெலியா 1868 மீற்றர், சாமோனி ஊர் 1035 மீற்றர்தான், பேர்போன சுவிஸ் ஸ்கீ ஊர் செர்மாற் கூட 1600 சொச்சம். நுவரெலியாவை விடப் பதிவான ஊரில இடுப்பளவு பனி கிடக்கும், எல்லாம் பூமியில எந்த இடத்தில இருக்குது எண்டதைப் பொறுத்தது.

ஜெனிவா போற எல்லாருக்கும் முதல் வாயில வாறது சாமோனி. அது பிரான்ஸ், ஆனா பஸ்ஸில ஒண்டரை மணித்தியாலம்தான், சுவிஸ் குடுத்த ஷெங்கன் விசா அங்கயும் செல்லும், ஒருமுறை விசாவெண்டாலும் பயமில்ல, ஷெங்கனுக்குள்ளயே நிக்கிறதால வெளியேறினதாக் கணக்கில்ல. பாஸ்போட்டை மட்டும் ஹொட்டேலில வைச்சிட்டுப் போகாதேங்கோ, எல்லையில மறிச்சுப் பார்க்கிறதும் உண்டு. 1924இல முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர், மேல மோ(ன்) பிளா(ன்), ஐரோப்பாவில அல்ப்ஸ் மலைக்கு அதுதான் உச்சி. ஜெனிவாவில வானம் வெளிச்சா ஏரிக்கரையில நிண்டே அது தெரியும், அதைக் கண்டவுடனதான் எல்லாருக்கும் ஆசை பிடிக்கிறது.

ஆனா ஸ்கீ பழகப் போற ஆளுக்குச் சாமோனி தோதில்ல எண்டுதான் நான் சொல்லுவன். அங்க சறுக்கிற இடமெல்லாம் பள்ளத்தாக்கு நீளத்துக்குப் பிரிஞ்சு பிரிஞ்சு கிடக்கு, ஒண்டுக்கும் மற்றதுக்கும் இடையில பஸ் பிடிச்சுத் திரிய வேணும், அந்த ஊரின்ர பேரே செங்குத்தான மலைக்கும் தேர்ந்த ஆக்களுக்கும்தான். பழகிற சின்னச் சரிவுகள் இருக்கு இல்லையெண்டில்ல, ஆனா அதுக்காக ஆரும் அவ்வளவு தூரம் போறதில்ல. இன்னொண்டு, பெப்ரவரியில இருந்து மார்ச் தொடக்கம் மட்டும் பிரான்ஸில பள்ளிக்கூட லீவு வலயம் வலயமா மாறி மாறி வரும், சனிக்கிழமைதான் ஹொட்டேல் மாறுற நாள், றோட்டு முழுக்க வாகனம், ஒண்டரை மணித்தியாலம் மூண்டாகவும் ஆகலாம். சாமோனிக்குப் போறதெண்டா ஸ்கீயை மறந்துட்டு எகுய் டு மிடி கேபிள் காரில ஏறுங்கோ. ரெண்டு கட்டமா ஏறி 3777 மீற்றருக்குக் கொண்டுபோய் விடும், ஊரில இருந்து ஒரு இருபது நிமிசத்தில. அவ்வளவு கெதியா அவ்வளவு மேல போறதால தலை சுத்தும், படியில மெதுவா ஏற வேணும், காத்து கூடினா ஓடாது, அதால காலமை எழும்பினவுடன நிலவரம் பார்த்துட்டுத்தான் பஸ் ஏற வேணும். ஒரு நாள் சும்மா பார்க்கப் போக இதைவிட வடிவான இடம் ஜெனிவாவுக்குக் கிட்ட இல்ல.

செர்மாற்றைப் பற்றி நீட்டி எழுத ஒண்டுமில்ல. மாற்றர்ஹோர்ன் மலை, சொக்கிளேற் பெட்டியில கண்ட அந்த முக்கோண மலைதான், வடிவெண்டா வடிவு. ஜெனிவாவில இருந்து விஸ்ப் ஸ்ரேசனில மாறி கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம், திரும்ப நாலு, ஒரு நாள் ரெயினுக்கே போச்சுது. பெற்றோல் கார் உள்ளுக்க விடமாட்டினம், மின்சார ராக்சிதான். மலையில ஸ்கீ செய்யிறதுக்கு ஒரு நாள் ரிக்கெற் 100 பிராங்கை ஒட்டி வரும், ஒரு பிராங் எங்கட காசுக்கு 300க்கு மேல, நீங்களே பெருக்கிப் பாருங்கோ. ஒரு கிழமை லீவும் காசும் இருக்கிறவை போகட்டும்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் சன் செர்க் எண்ட ஜூரா மலை ஊர். ஜெனிவாவில இருந்து நியோன் ஸ்ரேசன் கால் மணித்தியாலம், அங்க வெளியில வந்து சின்னச் சிவப்பு ரெயினில ஏறினா முக்கால் மணித்தியாலத்துக்குள்ள ஜூரா மலையில நிப்பீங்கள். அதே ரெயின் இன்னும் கொஞ்சம் மேல ஜிவ்ரீன் எண்ட இடத்தில நிக்கும், 1200 மீற்றர் சொச்சம், அங்க மலையில இறங்கிற ஸ்கீ இல்ல, மட்டமான பனியில நடந்து தள்ளிப் போற மெல்லிய ஸ்கீயும் சப்பாத்துக்குக் கீழ அகலத் தட்டுக் கட்டி நடக்கிறதும்தான். வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட மீற்றிங் முடிஞ்சா அண்டைக்குப் பின்னேரமே போட்டு வரலாம், ஹொட்டேலும் மாறத் தேவையில்ல, விழுந்தாலும் பெரிசா ஒண்டும் முறியாது. குறையெண்டா ஜூரா பதிவான மலை, சில வருசம் பெப்ரவரியிலயே புல்லுத் தெரியும். முதல்நாள் வெப்காம் பார்த்துட்டு வெளிக்கிடுங்கோ. பனி கிடந்தா ஸ்கீயெல்லாம் வேண்டாம் பனியைக் கையால தொட்டாக் காணும் எண்டிற ஆளுக்கு இதுதான் மலிவும் சுகமும்.

இனி நான் கூடச் சாயிற பக்கம், லோசானுக்கு அங்கால ரோன் பள்ளத்தாக்கு. ஜெனிவாவில ஏறினா ஏரிக்கரையோரமா, முந்திரிகைத் தோட்டத்துக்குள்ளால, எகிள் எண்ட ஸ்ரேசனுக்கு ஒரு மணித்தியாலம் சொச்சத்தில போய்ச் சேரலாம், அந்த ரெயின் பாதையே காசு குடுத்துப் பார்க்க வேண்டியது. எகிளில ஸ்ரேசனுக்கு வெளியில பல்லுச்சில்லு ரெயின் நிக்கும், தண்டவாளத்துக்கு நடுவில பல்லுப் பல்லா இரும்பு, அதைக் கடிச்சுக் கடிச்சுத்தான் ஏறும், அரை மணித்தியாலத்தில லெசான். அந்த ரெயின் 1900இல போட்டது, ஸ்கீக்காரருக்காக இல்ல, சயரோகக்காரருக்காக. தெற்குப் பார்த்த சரிவு, வெயில் நல்லா விழும், மருந்து வாறதுக்கு முந்தின காலம் நெஞ்சு நோய்க்காரரை இங்க கொண்டுவந்து வெயிலில படுக்க வைப்பினம், மருந்து வந்தவுடன ஆஸ்பத்திரியெல்லாம் ஹொட்டேலாவும் பள்ளிக்கூடமாவும் மாறிப்போச்சுது. எங்களைப் போல வெயிலுக்குப் பழகின சனத்துக்கு இந்த ஊர் பொருந்தும் எண்டு நான் சொல்லுறதுக்கு அதுவும் ஒரு காரணம், நிழல் பள்ளத்தாக்கில மைனஸ் பத்தில நிண்டு முதல்தரம் பழகிறதும் வெயிலில நிண்டு பழகிறதும் ஒண்டில்ல.

லெசானில பழகிற சரிவு இருக்கு, ஸ்கீ ஏலாட்டி ரப்பர் வளையத்தில இருந்து பனிக் கால்வாயால சறுக்கி வாற பார்க்கும் இருக்கு, பயந்தவைக்கு அது நல்ல பம்பல். ஊர் சின்னன், விலையும் செர்மாற் மாதிரி இல்ல. அதுக்குப் பக்கத்தில வில்லார், எகிளுக்கு அடுத்த பெக்ஸ் ஸ்ரேசனில இறங்கி மலை ரெயினில ஏற வேணும், அந்தப் பாதை ஊரோட நிக்காம இன்னும் மேல 1808 மீற்றரில பிறத்தாய் எண்ட இடம் மட்டும் போகும், ரெயினால இறங்கினா முன்னால சறுக்கிற சரிவு. தொங்கிற கதிரையில ஏறப் பயம் எண்டிறவைக்கு ரெயினில இருந்து மேல போறது பெரிய விசயம். இடம் பெரிசு, கிறியோன், லே டியாப்லெறே எண்டு பக்கத்து மலையோட சேர்ந்தது, கொஞ்சம் பழகினவை வில்லார் போகலாம், ஒண்டும் தெரியாதவை லெசான். ரெண்டுக்கும் நடுவில தலையைப் பிய்க்கத் தேவையில்ல.

இப்ப சித்தி வீடு. வன்னியில இருந்து சுவிஸ் போற ஆருக்கும் அங்க ஒரு சித்தியோ மாமாவோ இல்லாம இராது, பிள்ளைக்குப் பேர்ணில சித்தி. இந்தக் கணக்கை எந்த ட்ரவல் புத்தகமும் எழுதாது, ஆனா எங்களுக்கு முதல் கணக்கே இதுதான். சுவிஸ் மட்டும் வந்துட்டு வீட்டை வராமப் போனவள் எண்டு ஒருக்காச் சொல்லிட்டினம் எண்டா அது ஒட்டுசுட்டானுக்கு உங்களுக்கு முன்னம் போய்ச் சேர்ந்திடும். ரெண்டு நாளையும் சித்திக்குக் குடுத்தா என்ன நடக்கும் எண்டும் தெரியும், சனிக்கிழமை காலமை புட்டும் கறியும், பதினொரு மணிக்குத்தான் வெளிக்கிடுறது, பத்துப் பேர் ரெண்டு வாகனத்தில, ரிற்லிஸ் மலை அல்லது யுங்ஃப்ராவ் மலை. வாற சொந்தக்காரரை எல்லாம் அங்கதான் கூட்டிக்கொண்டு போறது, வழமையாப் போச்சுது. குறை சொல்லேல்ல, ரிற்லிஸில சுத்திச் சுத்தி ஏறுற கேபிள் பெட்டி இருக்கு, யுங்ஃப்ராவ் பக்கம் யுங்ஃப்ராயோக் எண்ட இடத்துக்குப் போற ரெயின் 1912இல மலையைக் குடைஞ்சு போட்டது, 3454 மீற்றரில ஸ்ரேசன். ஆனா அதுக்கு ஒரு ஆளுக்கே பெருந்தொகை போகும், சித்தப்பா தான் கட்டுறன் எண்டு நிப்பார், அது வேற வெக்கக்கேடு, அதோட மேல போய்ப் பனியில நிண்டு படம் எடுக்கலாமே தவிர ஒரு ஆள் ஸ்கீ பழகிற இடமில்ல அது.

சித்தி வீட்டையும் ஸ்கீயையும் ஒண்டாச் செய்யத்தான் வேணும் எண்டா கிறிண்டல்வால்ட் போங்கோ. பேர்ணில இருந்து இன்ரர்லாக்கனில மாறி ஒண்டரை மணித்தியாலம், ஐகர் மலைக்குக் கீழ ஊர், ஊருக்குள்ளயே போட்மி எண்டு சின்னப் பிள்ளையளும் புது ஆக்களும் பழகிற சரிவு. சறுக்குக்கட்டை எடுக்கிறதுக்கும் நல்ல இடம், ஸ்கீ போல ரெண்டு நாள் பழகத் தேவையில்ல, ஏறி இருந்து காலால பிறேக் பிடிச்சா வரும். அதுக்காக அது ஆபத்தில்லாத விளையாட்டு எண்டு நினைக்காதேங்கோ, வேகம் பிடிச்சா மரத்தில கொண்டுபோய்ச் சாத்தும், ஹெல்மெற் போடுங்கோ. சித்தி வீட்டை பிள்ளையள் சின்னன் எண்டா அவ்வளவு தூரமும் தேவையில்ல, பேர்ணுக்கு மேலயே குர்ட்டன் குன்று இருக்கு, 858 மீற்றர், கம்பி ரெயினில ஏறலாம், பனி விழுந்த கிழமையில ஊர்ச் சனம் எல்லாம் கட்டையோட அங்கதான்.

காசு எங்க போகுது எண்டா, ரெயினுக்கும் மலை ரிக்கெற்றுக்கும் எண்டுதான் எல்லாரும் நினைப்பினம், உண்மையில பழக்கிற ஆளுக்குத்தான். கனக்க ஸ்கீப் பள்ளிக்கூடத்தில பெரியாக்களின்ர குறூப் வகுப்பு கிழமை நாளில அஞ்சு நாளா நடக்கும், சனி ஞாயிறு மட்டும் வாற ஆள் தனி வகுப்புத்தான் எடுக்க வேணும், மணித்தியாலத்துக்கு 80, 100 பிராங் எண்டு போகும். ஆனாலும் எடுங்கோ. ரெண்டு மணித்தியாலம் காணும், நிக்கிறதும் திரும்புறதும் விழுந்தா எழும்புறதும் அதுக்குள்ள வந்திடும். யூடியூப் பார்த்துட்டு நேர மேல ஏறுறவைதான் ஹெலியில இறங்கிறது. மற்றப்படி பழகிற நாளில முழு மலைக்கும் ரிக்கெற் எடுக்கிறது வீண், பழகிற சரிவுக்கு மட்டும் மலிவான ரிக்கெற் இருக்கும், கேட்டு எடுங்கோ. ஸ்கீ, சப்பாத்து, ஹெல்மெற் எல்லாம் ஊரிலயே வாடகைக்கு. உடுப்புத்தான் வாடகைக்கு எல்லா இடத்திலயும் இராது, அதுக்குச் சித்தியின்ர பிள்ளையளிட்டக் கேளுங்கோ, சுவிஸில பிறந்து வளர்ந்ததுகள் பள்ளிக்கூடத்தாலயே ஸ்கீக் காம்ப் போனதுகள், ஜக்கெற், நீர் ஊறாத களிசான், கையுறை, கண்ணாடி எல்லாம் அலுமாரியில கிடக்கும், ஜெனிவா ஹொட்டேலுக்குப் பார்சலில அனுப்பிவிடச் சொல்லலாம். ஜீன்ஸோட போகாதேங்கோ, நனைஞ்சா பிறகு அண்டைக்கு முழுக்க நடுக்கம்தான். கிறீமும் பூசுங்கோ, முல்லைத்தீவு வெயிலில நிண்ட முகத்துக்கு இதென்ன எண்டு நினைப்பீங்கள், பனியில பட்டு மேல வாற வெயில் நாடிக்குக் கீழயும் எரிக்கும்.

பாதுகாப்பு எண்டு பெரிய விரிவுரை மிதிவெடி ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல எண்டுதான் நினைக்கிறன். முகமாலையில சிவப்புத் தலைக் கட்டைக்கு அங்கால கால் வைக்கமாட்டம், அதே மாதிரித்தான் இதுவும், சறுக்கிற பாதைக்கு ரெண்டு பக்கமும் கம்பு நட்டிருப்பினம், அதுக்கு வெளியில பனி எவ்வளவு வடிவாக் கிடந்தாலும் போறதில்ல, பனிச்சரிவு வாற இடம் அது. சுவிஸில நீலம் லேசு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கஷ்டம். பிரான்ஸில நீலத்துக்கும் முன்னம் பச்சை ஒண்டு இருக்கு, அதைப் பழகிப்போட்டு சுவிஸில பச்சையைத் தேடினாக் கிடைக்காது. பனிச்சரிவு ஆபத்தை ஒண்டில இருந்து அஞ்சு மட்டும் இலக்கம் போட்டு ஒவ்வொரு நாளும் பின்னேரம் அறிவிப்பினம், பழகிற சரிவில நிக்கிற ஆளுக்கு அது பெரிசாத் தேவையில்ல, ஆனா பார்த்துப் பழகிறது நல்லது.

பிள்ளைக்கு நான் போட்டுக் குடுத்த கணக்கு இதுதான். வெள்ளி இரவு ஜெனிவாவிலயே நித்திரை, சனிக்கிழமை ஏழு மணி ரெயினில வெளிக்கிட்டு லோசானில இறங்கி சூட்கேசை லொக்கரில போட்டுட்டு லெசான். பத்து மணிக்கு வகுப்பு, மத்தியானம் கூப் கடையில வாங்கின சான்விச், பிறகு தனியப் பழகிறது, களைச்சா ரப்பர் வளையம். நாலு நாலரையோட லிப்ற் எல்லாம் நிப்பாட்டிடுவினம், இறங்கி லோசானில சூட்கேசை எடுத்துக்கொண்டு பேர்ணுக்கு ஏறினா ரெண்டரை மணித்தியாலத்துக்குள்ள சித்தி வீட்டை இரவுச் சாப்பாடு. ஞாயிறு முழுக்கச் சித்திக்கு, அவை ரிற்லிஸ் எண்டாலும் குர்ட்டன் எண்டாலும் கோயில் எண்டாலும் அவையின்ர விருப்பம், பிள்ளைக்கு உடம்பு முழுக்க நோகும், ஆர் ஸ்கீ பழகப் போறியோ எண்டு கேட்டாலும் மாட்டன் எண்டுதான் சொல்லும். திங்கள் சூரிச்சால பிளேன், பேர்ணில இருந்து சூரிச் எயார்போட்டுக்கு நேர ரெயின், ஒண்டேகால் மணித்தியாலம் சொச்சம். டோகா, டுபாய் போற பிளேன் ஜெனிவாவிலயும் நிக்கும் சூரிச்சிலயும் நிக்கும், வாறது ஜெனிவா திரும்புறது சூரிச் எண்டு எடுக்க ரிக்கெற் விலை பெரிசா மாறாது, திரும்பி ஜெனிவா ஓடுற ஓட்டம் மிச்சம்.

சித்தி சொந்தமா இல்லாதவை ஞாயிறு லெசானிலயே நிண்டு ரெண்டாம் நாளும் பழகுங்கோ, ரெண்டாம் நாள்தான் உண்மையா ஸ்கீ எண்டா என்னெண்டு விளங்கத் தொடங்கிறது. மாசிக் கடைசியில எங்கயும் லீவுக் கூட்டம், தனி வகுப்பையும் அறையையும் விசா வந்த அண்டைக்கே புக் பண்ணுங்கோ, விசா வாறதுக்கு முன்னம் எடுக்கிறதெண்டா காசு திரும்பத் தாற மாதிரிப் பார்த்து எடுங்கோ. பிள்ளையின்ர ஒபிஸ் கடிதத்தில திரும்புற திகதி சனிக்கிழமை எண்டுதான் கிடந்தது, கொழும்புக்குக் கொண்டுபோக முன்னம் அதைத் திங்கள் எண்டு மாத்தி எடுக்கச் சொல்லியிருக்கிறன்.